மஞ்சள் ஒன்பது

சோங்குல்தாக்கில் மழை விடாத வாரம் அது.
துறைமுகத்துக்கு மேலே, படிக்கட்டுச் சந்தின் முடிவில்
ஷெவ்கெத்தின் தேநீர்க்கடை.
ஜன்னலோர மேசை எங்களுடையது.
நால்வருக்கும் சர்க்கரை உண்டு,
மேசையில்தான் இல்லை.

உட்கார்ந்ததும் காலையில் பார்த்த எண்ணைச் சொல்ல வேண்டும்.
"நூற்று நாற்பத்திரண்டு," என்பான் மஸ்லூம், நெஞ்சை நிமிர்த்தி.
"இருநூற்றுப் பத்து," என்று முனகுவான் ஹூலுசி.
"பேத்தி கல்யாணம், அதனால்தான்."
போன மாதமும் அதே பேத்தி,
அதே கல்யாணம்.

நான் சுரங்கத்தின் விளக்கறையில் இருபத்தாறு வருடம் நின்றவன்.
இறங்குகிறவன் பித்தளை வில்லையைக் கொடுத்து
விளக்கை வாங்கிப் போவான்.
ஆணியில் மிச்சம் தொங்குவதைப் பார்த்தே
இன்னும் யார் கீழே என்று சொல்லிவிடுவேன்.
அந்தப் பழக்கம் போகவில்லை.
எண்ணைக் காதில் வாங்கிக்கொண்டு
முகத்தைப் பார்ப்பேன்.

தேநீரில் ஒன்றும் போடுவதில்லை.
ஆனால் கரண்டி வேண்டும்.
ஒருநாள் கடைப்பையன் கரண்டியில்லாமல் வைத்துவிட்டுப் போனான்,
நான்கு கிழவர்களும் குடிக்காமல் உட்கார்ந்திருந்தோம்.
இல்லாததைக் கலக்க வேண்டும்,
கண்ணாடியில் அது கிணிங் என வேண்டும்,
அப்புறம்தான் தொண்டையில் இறங்கும்.

செவ்வாய்க்கிழமை ஆட்டத்தின் நடுவில்
ரிஃப்கிக்குக் கோபம் வந்தது.
"செலாமி, மஞ்சள் ஒன்பதை ஒளித்துவிட்டாய்!"
கட்டைகளை வாரித் தள்ளினான்.
செத்துப்போன என் அம்மாவைத் திட்டினான்.
அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை.
விரல்கள் சட்டைப் பொத்தானைத் தேடித் தேடித் தவறின.

யார் பேசுவது என்று எங்களுக்குத் தெரியும்.
ஹூலுசி கையைப் பிடித்தான், மஸ்லூம் விரலில் குத்தினான்.
ஐம்பத்தொன்று.
அடுத்த மேசைக்காரர்களின் சர்க்கரைக் கட்டிகளை
ஷெவ்கெத் அள்ளிக்கொண்டு வந்தான்.
வெந்நீரில் நான்கு கட்டி.
அன்றைக்குத்தான் அந்தக் கரண்டிக்கு வேலை.
குவளையைப் பிடித்து வாயில் வைத்தது நான்.
பதினைந்து நிமிடம். யாரும் பேசவில்லை.
கப்பல் ஒன்று ஊதியது, மறுபடி ஊதியது.
தொண்ணூற்றாறு.

கண் தெளிந்ததும் என் தோளைத் தொட்டான்.
"உளறிவிட்டேன், செலாமி.
சர்க்கரை இறங்கினால் நான் நானில்லை."
"விடு," என்றேன்.
பெருந்தன்மையாகத்தான் சொன்னேன்.
மஞ்சள் ஒன்பது என் கோட்டுக் கைக்குள்,
முழங்கைக்குப் பக்கத்தில்,
சூடாகிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை பாதம் பார்க்கிற நாள்.
கூரை விழுந்ததிலிருந்து ரிஃப்கியின் முதுகு வளையாது,
தன் உள்ளங்காலைத் தானே பார்த்து முப்பது வருடமாகிறது.
மூனவ்வர் இருந்தவரை அவள் பார்த்தாள்.
இப்போது நான்.
கைவிளக்கோடு மண்டியிட்டேன்.
தோலுக்கடியில் நிலக்கரி தங்கிய நீலத் தழும்புகள்,
குதிகாலில் வெடிப்பு,
விரலிடுக்குகள் ஒவ்வொன்றாக.

"ரிஃப்கி, அந்த மஞ்சள் ஒன்பது..."

"முதலில் இடது சுண்டுவிரலைப் பார்.
நேற்று புதுச் செருப்போடு மார்க்கெட் வரை போனேன்.
வலிக்கவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது."

பார்த்தேன்.
மிளகளவு சிவப்பு, நடுவில் ஈரம்.
கழுவினேன், ஒற்றினேன், மருந்து வைத்தேன்.
நாளைக்கு முதல் டோக்கன் வாங்கிவிடலாம் என்றேன்.
அந்தச் செருப்பை எங்கே வைத்திருக்கிறாய் என்றேன்.
வேறு என்னென்னவோ பேசினேன்.

மேலேயிருந்து அவன் குரல் வந்தது:
"ஆட்டத்தில் மஞ்சள் ஒன்பது இரண்டு.
ஒன்று என் பலகையில் இருந்தது.
ஐம்பத்தொன்றிலும் இரண்டு வரை எண்ணத் தெரியும் எனக்கு."

நான் நிமிரவில்லை.
தையல் உறுத்தாமலிருக்கக்
காலுறையை உள்புறம் வெளியே திருப்பி மாட்டிவிட்டேன்.
எழுந்திருக்கப் பார்த்தால் என் முழங்கால் மறுத்தது.
அவன் கை நீட்டினான்,
வளையாத முதுகோடு
எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ
அவ்வளவு.